ஈஸ்டர் வழிபாடு: சனி இரவா, விடியற்காலையா, ஞாயிறு காலையா?

ஈஸ்டருக்கு எந்த வழிபாட்டுக்குப் போவது என்பதைப் பல வீடுகளில் முடிவு செய்வது பிரியாணிதான். ஞாயிறு காலை கறிக்கடையில் வரிசை நீளும், பன்னிரண்டு மணிக்கு விருந்தினர் வந்துவிடுவார்கள், அதற்குள் சமையல் முடிய வேண்டும். ஆகவே யாருக்கு எந்த நேரம் ஒழிகிறதோ அந்த நேரத்துக்கு அவரவர் போய் வருகிறார்கள். அப்பா விடியற்காலை, பிள்ளைகள் எட்டரை மணி, அம்மா போன வருஷம்போல இந்த வருஷமும் வாசல்வரை. பெருநாள் முடிந்துவிடும், குடும்பமாகச் சேர்ந்து ஒரு அல்லேலூயா பாடியிருக்க மாட்டார்கள்.

வழிபாட்டை முதலில் தீர்மானித்துவிட்டு, சாப்பாட்டை அதற்குப் பின்னால் வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பொதுவாக இருக்கும் வழிகள் மூன்று: கத்தோலிக்கக் கோவில்களில் சனி இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பு, தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) மற்றும் லுத்தரன் சபைகளின் அதிகாலை ஆராதனை, எல்லாச் சபைகளிலும் உள்ள ஞாயிறு காலை வழிபாடு. மூன்றும் ஒரே நிகழ்வைக் கொண்டாடினாலும் குடும்பத்திடம் கேட்கும் உழைப்பு வேறு, கொடுப்பதும் வேறு.

சனி இரவு: பாஸ்கா திருவிழிப்பு

கத்தோலிக்க வழிபாட்டு ஆண்டில் இதற்கு மேல் ஒன்று இல்லை. ஒளி வழிபாடு, இறைவாக்கு வழிபாடு, திருமுழுக்கு வழிபாடு, நற்கருணை வழிபாடு என்று நான்கு பகுதிகள். இருட்டிய பிறகே தொடங்க வேண்டும், ஞாயிறு விடிவதற்குள் முடிய வேண்டும் என்பது விதி. நடுவில் பல நூற்றாண்டுகள் இதைச் சனிக்கிழமை காலை வெயிலில் நடத்தி வந்தார்கள். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) 1951-இல் சோதனையாக இரவுக்கு மாற்றி, 1956 முதல் எங்கும் கட்டாயமாக்கினார். தமிழ்நாட்டுப் பங்குகள் பலவற்றில் இரவு பத்தரை, பதினொன்றுக்குத் தொடங்கி, வானவர் கீதத்துக்கு மணி அடிக்கும்போது நள்ளிரவைத் தொடும்படி அமைப்பார்கள். வீடு திரும்ப ஒன்றரை, இரண்டு ஆகும்.

முதல் சிக்கல் எங்கே நிற்பது என்பது. புதுத் தீ கோவிலுக்கு வெளியே மூட்டப்படும். பாஸ்கா திரி எனும் பெரிய மெழுகுதிரியில் சிலுவையும், அகரமும் னகரமும், அந்த ஆண்டின் எண்களும் பொறித்து, ஐந்து சாம்பிராணி மணிகளைக் குருவானவர் பதிப்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டுமானால் அரைமணி நேரம் முன்னதாகப் போய்த் தீயின் அருகே நிற்க வேண்டும். அப்படி நின்றால் உள்ளே உட்கார இடம் கிடைக்காது. குடும்பத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்வதே நல்ல வழி. தாத்தா பாட்டி முதலிலேயே உள்ளே நடுப்பகுதியில் உட்கார்ந்துவிட வேண்டும், ஏனென்றால் விளக்கு அணைந்த பிறகு படி தெரியாது. மற்றவர்கள் பவனியோடு வந்து அவர்களிடம் சேர்ந்துகொள்ளலாம்.

அடுத்தது கையில் பிடிக்கும் மெழுகுதிரி. காகிதக் குவளையின் அடியில் துளையிட்டுத் திரியைச் செருகினால் மெழுகு கையில் சொட்டாது. ஒருவரிடமிருந்து ஒருவர் பற்றவைக்கும்போது எரியும் திரி நிமிர்ந்தே இருக்க, எரியாத திரியைத்தான் சாய்க்க வேண்டும். இதை மாற்றிச் செய்வதால்தான் புதுச் சட்டையெல்லாம் மெழுகு. பெண்பிள்ளைகளுக்குத் தலைமுடியை இறுகப் பின்னிவிடுங்கள்; துப்பட்டாவை ஊசி குத்தி வையுங்கள்; அந்த இரவுக்கு மட்டும் நைலான் கவுன் வேண்டாம், பருத்தி உடுத்தட்டும். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குத் தனித் திரி தராமல், பெரியவர் பிடித்திருக்கும் திரியில் அதுவும் ஒரு கை வைத்துக்கொள்ளட்டும். பாஸ்கா புகழுரை முடிந்ததும் திரிகளை அணைப்பார்கள், திருமுழுக்கு வாக்குறுதியைப் புதுப்பிக்கும்போது மறுபடி ஏற்றுவார்கள். அதனால் முதலிலேயே எரித்துத் தீர்த்துவிடக் கூடாது. திரி அணையாமலிருக்க மின்விசிறியையும் நிறுத்துவார்கள். ஏப்ரல் புழுக்கம் அப்போது தெரியும். தண்ணீர் பாட்டில் அவசியம்.

எல்லாரும் தூங்கி விழும் இடம் வாசகங்கள். பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு, புதிய ஏற்பாட்டிலிருந்து திருமுகமும் நற்செய்தியும். பழைய ஏற்பாட்டு வாசகங்களை மூன்றாகக் குறைக்க அனுமதி உண்டு, மிகுந்த அவசியமானால் இரண்டு. ஆனால் செங்கடலைக் கடந்த விடுதலைப்பயணம் 14-ஆம் அதிகாரத்தை எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது. பங்கில் எத்தனை வாசிக்கப் போகிறார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வாசகங்கள் ஏழு, குருத்து ஞாயிறு முதல் புனித சனி வரை நாட்களும் ஏழு. இரவு ஜெபத்தில் நாளுக்கொன்றாக வீட்டிலேயே வாசித்துவிட்டால், சனி இரவு கேட்பது பழக்கமான கதையாகிவிடும்: தொடக்கநூல் 1, தொடக்கநூல் 22, விடுதலைப்பயணம் 14, எசாயா 54, எசாயா 55, பாரூக்கு 3, எசேக்கியேல் 36. இந்த வரிசையில் பாரூக்கு புனித வெள்ளியன்று விழும். பிள்ளைகளுக்குக் கடினமான பகுதி, அன்று எல்லாரும் களைத்தும் இருப்பார்கள், விட்டுவிட்டால் குற்றமில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு வேலையும் கொடுக்கலாம்: எந்தெந்த வாசகத்தில் தண்ணீர் வருகிறது என்று விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள். படைப்பில் நீர்த்திரள், செங்கடல், எசாயா 54-இல் நோவா காலத்து வெள்ளம், 55-இல் தாகமாயிருப்போருக்கான அழைப்பு, எசேக்கியேலில் தூய நீர். எண்ணிக்கொண்டே வரும் பிள்ளை, குருவானவர் பாஸ்கா திரியைத் தண்ணீரில் இறக்கும்போது தானாகவே நிமிர்ந்து பார்க்கும். திருமுழுக்குக்கும் உயிர்ப்புக்கும் என்ன தொடர்பு என்று தனியாகப் பாடம் எடுக்கத் தேவையிருக்காது.

சனி மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை பிள்ளைகள் தூங்கியே ஆக வேண்டும். துணி எடுக்க அன்று கடைவீதிக்குப் போனால் திருவிழிப்பு கெட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு உணவு ஏழரைக்குள், இட்லியோ இடியாப்பமோ. நற்கருணைக்கு ஒரு மணி நேர உபவாசம் தானாகவே நிறைவேறிவிடும், வயிறு கனத்துத் தூக்கமும் வராது. பாவசங்கீர்த்தனத்தை (குருவானவரிடம் பாவ அறிக்கை) புதன்கிழமைக்குள் முடித்துவிடுங்கள். வெள்ளி மாலை வரிசையில் நின்றால் குருவானவருக்கும் நேரமிருக்காது, உங்களுக்கும் மனம் இருக்காது. தீர்த்தம் கொண்டுவர மூடி இறுகிய சிறு பாட்டில் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஈஸ்டருக்குப் பிறகு வீட்டை ஆசீர்வதிக்கக் குருவானவர் வரும்வரை, பிள்ளைகள் படுக்கப் போகும்போது நெற்றியில் சிலுவை வரைய அது உதவும்.

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பம் வருஷத்தில் ஒரே ஒரு வழிபாட்டுக்கு முழு மெனக்கெடலும் போட முடியுமென்றால், அது இதற்குத்தான். திருவிழிப்பில் பங்கேற்றால் ஞாயிறு திருப்பலிக் கடமை நிறைவேறிவிட்டது. ஞாயிறு பகல் திருப்பலிக்கும் போனால் மறுபடி நற்கருணை வாங்கலாம்.

விடியற்காலை ஆராதனை

பெண்கள் கல்லறைக்குப் போன நேரம் அது என்பதே இதன் பலம். இன்னும் இருட்டாயிருந்தது என்கிறார் யோவான். சூரியன் உதித்திருந்தது என்கிறார் மாற்கு. அந்த இடைவெளிக்குள்தான் இந்த ஆராதனை நடக்கிறது. 1732-இல் ஜெர்மனியின் சாக்சனியில், ஹெர்ன்ஹூட் என்ற ஊரின் மொராவியச் சபை வாலிபர்கள் ஈஸ்டர் விடியலில் தங்கள் கல்லறைத் தோட்டத்தில் கூடிப் பாடினார்கள்; சீர்திருத்தச் சபைகளில் பரவிய உதயகால ஆராதனைக்கு அதையே தொடக்கமாகச் சொல்வார்கள். இங்கே நாலரை, ஐந்து மணிக்குத் தொடங்கும். ஏப்ரல் முதல் வாரத்தில் சென்னையில் சூரியன் ஆறு மணியை ஒட்டி உதிக்கும், கன்னியாகுமரியில் கால் மணி நேரம்போலப் பிந்தும். இருட்டில் தொடங்கி வெளிச்சத்தில் முடிவதற்கு ஒன்றரை மணி நேரம் சரியாக இருக்கும். ஈஸ்டர் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு என்பதால், தேய ஆரம்பித்த நிலா அந்த நேரத்தில் இன்னும் வானத்தில் நிற்கும். வெளியே வந்ததும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஈஸ்டர் ஏன் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது என்பதற்கு அதுவே பதில்.

கல்லறைத் தோட்டத்தில் நடக்கும் ஆராதனையா, ஆலயத்துக்குள் நடப்பதா என்பது இதற்குள்ளே இன்னொரு தேர்வு. சில சபைகளில் இரண்டும் உண்டு: தோட்டத்தில் பாட்டும் வேதபாடமும், பிறகு பவனியாக ஆலயம் வந்து திருவிருந்து. கடந்த ஒரு வருஷத்துக்குள் வீட்டில் ஒரு சாவு நடந்திருந்தால், கல்லறைத் தோட்டத்தைத் தயங்காமல் தேர்ந்தெடுங்கள். 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்தை ஆலயத்தில் கேட்பது ஒன்று, அம்மாவைப் புதைத்த இடத்துக்குப் பத்தடி தள்ளி நின்று கேட்பது வேறு. அன்று அழுகை வரும், வரட்டும். ஐந்து வயதுப் பிள்ளை, பாட்டி எப்போது எழுந்து வருவார் என்று கேட்கும். அதற்கு முன்கூட்டியே பதில் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். "இயேசு சாமி திரும்பி வரும்போது" என்ற ஒரே வரி போதும். தூங்குகிறார் என்று சொன்னால் பிள்ளை தூங்கவே பயப்படும்.

நடைமுறையில் தடுக்குவது சின்னச் சின்ன விஷயங்கள்தான். தரை மேடுபள்ளம், பனி ஈரம். முதியவருக்கு மடக்கு நாற்காலி, எல்லாருக்கும் பின்வார் வைத்த செருப்பு, ஆளுக்கொரு டார்ச். கொசு இருக்கும், முழுக்கை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மூன்றரைக்கு எழுந்து ஏழு மணிவரை வெறும் வயிற்றில் நிற்கக் கூடாது. திருவிருந்துக்கு முன் சாப்பிடுவதில்லை என்ற வைராக்கியம் மருந்து சாப்பிடாதவர்களுக்குச் சரி. மற்றவர்கள் இரண்டு பிஸ்கட்டும் காபியும் எடுத்துக்கொள்வதை எந்த போதகரும் தவறென்று சொல்ல மாட்டார். ஆட்டோவை முந்தின நாளே பேசி வையுங்கள், நேரத்தையும் சேர்த்து.

வீட்டில் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டால் இந்த விடியலின் சுவை கூடும். எழுந்ததும் ஒரே ஒரு விளக்கு, தாழ்ந்த குரல், வாழ்த்து எதுவும் இல்லை. ஆலயத்தில் "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று போதகர் சொல்லி, "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று சபை பதில் சொன்ன பிறகே கைகுலுக்கலும் முத்தமும். இதற்குப் பெரிய எதிரி வாட்ஸ்அப். சனிக்கிழமை மத்தியானமே, ஆண்டவர் இன்னும் கல்லறையில் இருக்கும்போதே, பூங்கொத்தோடு வாழ்த்து அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். குடும்பத்துக்குள்ளாவது ஞாயிறு காலைவரை பொறுங்கள்.

திருவிழிப்போடு ஒப்பிட்டால் இதில் வாசகம் குறைவு, பாட்டு அதிகம், நேரம் பாதி. நாலு வயதுப் பிள்ளையையும் கூட்டிப்போகலாம்: முந்தின இரவு எட்டு மணிக்குப் படுத்தால் நாலு மணிக்கு எழுந்துவிடும், நள்ளிரவில் விழித்திருப்பதைவிட இது அதன் உடம்புக்கு எளிது.

ஞாயிறு காலை

கைக்குழந்தை, நிறைமாதம், படுக்கையில் நோயாளி, இரவுப்பணி, மறுநாள் பரீட்சை. இவற்றில் ஒன்று வீட்டில் இருந்தால் ஞாயிறு காலைதான் சரியான தேர்வு, குற்றவுணர்ச்சி வேண்டாம். ஈஸ்டர் மார்ச் கடைசியில் வரும் ஆண்டுகளில் பரீட்சைக் கணக்கையும் பார்க்கத்தான் வேண்டும். 2027-இல் மார்ச் 28. அதே நாளில் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்கிறது. அங்கே உள்ள தமிழ்க் குடும்பங்கள் அந்த வருஷம் விடியற்காலை ஆராதனையைத் தேர்ந்தெடுத்தால் ஒரு மணி நேரத் தூக்கம் கூடுதலாகப் போகும்.

கத்தோலிக்கப் பகல் திருப்பலி ஒன்றேகால் மணி நேரத்தில் முடியும். நற்செய்திக்கு முன் வரும் பாஸ்கா தொடர்பாடல் ஞாயிறுக்கே உரியது, திருவிழிப்பில் கிடையாது. மற்றச் சபைகளில் வழக்கமாக நற்கருணைக்கு வராதவர்கள்கூட அன்று வருவார்கள். வரிசை நீண்டு இரண்டேகால் மணி நேரம்கூட ஆகும். குழந்தையோடு போகிறவர்கள் பக்கவாட்டுக் கதவருகே உட்காருங்கள், பின்வரிசை வேண்டாம்: பின்னால் உட்கார்ந்தால் பிள்ளைக்கு முதுகுகள் மட்டும் தெரியும், அழத் தொடங்கும்.

இதன் பலவீனம், வழக்கமான ஞாயிறைப்போலவே கடந்துபோய்விடும் என்பது. பெரிய வெள்ளிக்கு வராமல் நேரே உயிர்ப்புக்கு வந்தால் இன்னும் மோசம். சனி இரவு வீட்டில் இருபது நிமிடம் ஒதுக்கினால் அதை ஈடுகட்டலாம். எல்லா விளக்கையும் அணையுங்கள், தொலைக்காட்சி நிலைவிளக்கு உட்பட. குடும்பத்தில் சின்னவர் ஒரு மெழுகுதிரி ஏற்றட்டும், நெருப்புக்குச்சியைப் பெரியவர் பிடிக்கட்டும். யாத்திராகமம் (விடுதலைப்பயணம்) 14-இல் பத்துப் பதினைந்து வசனங்களை வாய்விட்டு வாசியுங்கள். பிறகு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, அப்பாவோ அம்மாவோ விசுவாசப்பிரமாணத்தைக் கேள்விகளாக்கிக் கேட்கட்டும், ஒவ்வொருவரும் விசுவாசிக்கிறேன் என்று சொல்லி, விரலை நனைத்து நெற்றியில் சிலுவை இட்டுக்கொள்ளட்டும். ஒரு பாட்டு. விளக்கைப் போடாமலேயே படுக்கப் போங்கள். குழந்தையின் ஞானஸ்நானத்தன்று கொடுத்த மெழுகுதிரி அலமாரியில் இருந்தால் ஏற்ற வேண்டியது அதைத்தான்.

இரு சபைக் குடும்பங்கள்

அப்பா கத்தோலிக்கர், அம்மா சி.எஸ்.ஐ. என்ற வீடுகள் தென்மாவட்டங்களில் நிறையவே உண்டு. அங்கே ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை விடுவதைவிட, சனி இரவு ஒரு வீட்டாரோடு, விடியற்காலை மற்ற வீட்டாரோடு என்பது நடக்கக்கூடியது. ஆனால் பெரியவர்களுக்கு மட்டும், பிள்ளைகளுக்கு ஏதாவது ஒன்று. நற்கருணையில் கத்தோலிக்க ஒழுங்குப்படி மற்றச் சபையார் வாங்குவதில்லை. அதை வாசலில் நின்று விவாதிக்காமல் முந்தின வாரமே பேசி முடித்துக்கொள்ளுங்கள். புதுத் தீ, பவனி, வாசகங்கள், வாக்குறுதி எல்லாவற்றிலும் முழுதாகச் சேர்ந்துகொள்ளத் தடையில்லை. பாரூக்கு நூல் சி.எஸ்.ஐ. வீட்டார் வைத்திருக்கும் பழைய திருப்புதல் வேதாகமத்தில் இருக்காது. மாமியார் தேடிக்கொண்டிருப்பார், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இலங்கைத் தமிழர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிக் கோவில்களோடு மட்டக்களப்பு சியோன் தேவாலயமும் இலக்கானது. அதற்குப் பிறகு பெருநாள் வழிபாடுகளில் பாதுகாப்புச் சோதனை வழக்கமாகிவிட்டது. பெரிய பை கொண்டுபோகாதீர்கள், சோதனைக்கென அரைமணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

சமையல், முட்டை, மாலை

கறியைச் சனி மாலையே வாங்கிக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைத்துவிட்டால் ஞாயிறு காலை கடை வரிசை இல்லை. ஆப்ப மாவைச் சனி மாலை அரைத்தால், ஏப்ரல் வெக்கைக்கு ஆறேழு மணி நேரத்தில் புளித்துவிடும். விடியற்காலை ஆராதனை முடிந்து வந்ததும் தேங்காய்ப்பாலோடு காலை உணவு தயார். திருவிழிப்புக் குடும்பங்கள் ஒன்பது மணிவரை தூங்கட்டும், விருந்தை இரண்டு மணிக்கு வையுங்கள், விருந்தினருக்கு அதை முன்பே சொல்லிவிடுங்கள். வெங்காயம் உரிப்பதும் பூண்டு உரிப்பதும் பிள்ளைகள் வேலை. வீட்டுப் பெண் ஒருத்தி வழிபாட்டைத் தவறவிட்டுத்தான் பிரியாணி வர வேண்டுமென்றால், அந்த வருஷம் சாம்பார்ச் சோறு போதும்.

முட்டை தேடும் விளையாட்டை விசுவாசத்துக்கு எதிரி என்று ஒதுக்கத் தேவையில்லை. தவக்காலத்தில் முட்டையும் விலக்காக இருந்த காலத்தில், நோன்பு முடிந்ததும் கைக்கு வந்த பொருள் அது. ஆனால் நம் வெயிலில் அவித்த முட்டையை ஒளித்து வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக் கூடாது, சாக்லேட் உருகிவிடும். திறந்து மூடும் பிளாஸ்டிக் முட்டை ஆறு போதும்: குருத்தோலைத் துண்டு, நாணயம், முள், ஆணி, வெள்ளைத் துணி என ஐந்துக்குள் ஒவ்வொன்று, ஆறாவது காலி, வெறுமையான கல்லறைபோல. காலி முட்டையை எடுத்த பிள்ளை ஏமாந்து அழாமலிருக்க, அதற்குத்தான் பரிசு என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஞாயிறு மாலை ஐந்தரைக்கு எல்லாரும் ஒரு நடை போய்வரலாம். லூக்கா 24-இல், உயிர்ப்பு நாளன்று எம்மாவு ஊருக்கு நடந்துபோன சீடர்களின் பகுதியை ஒருவர் கைப்பேசியில் வைத்துக்கொண்டு நடக்க நடக்க வாசிக்கட்டும். பகல் விருந்தில் சிதறியவர்களை மறுபடி சேர்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை, செலவும் இல்லை.

நேரத்தைப் போன வருஷ நினைவில் முடிவு செய்யாதீர்கள். ஒரே குருவானவர் பல கிளைக் கிராமங்களைப் பார்க்கும் பங்குகளில் திருவிழிப்பு ஓரிடத்தில் எட்டு மணிக்கும் இன்னோரிடத்தில் நள்ளிரவிலும் இருக்கும், வருஷத்துக்கு வருஷம் மாறும். குருத்து ஞாயிறு அறிவிப்பில் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் வாசகங்கள் எத்தனை, பெரியவர்களுக்குத் திருமுழுக்கு உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். உண்டென்றால் அரைமணி நேரம் கூடும்.